நாகர்கோவில் கிளை

சாலை பஜாரிலிருந்து பிரிந்து செல்லும் சந்து ஒன்றில் நம் மாமனார் நடத்திவரும் மெஸ்ஸின் பெயர்ப் பலகையைச் சங்கத்து அன்பர்கள் பலர் கண்டிருப்பார்கள். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘கிளை: நாகர்கோவில்’ என்று எழுதியிருக்கும். கண்டவர்களிற் சிலர் நம்மை ரயில் நிலையத்தில் நிறுத்தி, “அந்தக் கிளை எப்படி நடக்கிறது?” என்று அன்போடு விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் கூறுவதைக் காட்டிலும், நடந்ததை நடந்தபடி இப்பத்திரிகையில் ஒரு முறை எழுதிவிடுவது உத்தமம் என்று தோன்றிற்று. ஊர் விட்டு ஊர் போகும் உணவு விடுதிகளைப் பற்றி நமக்குச் சில எண்ணங்கள் உண்டு. அவை இலவசமாகக் கிடைத்தவை அல்ல.

மாமனார் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். அவர் இவ்வூருக்கு வந்தது 1982-ஆம் ஆண்டில். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை, திருநெல்வேலிக்காரர் ஒருவர் ரயிலில் திருவனந்தபுரம் வரவேண்டுமானால் செங்கோட்டை, கொல்லம் என்று மலையைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். 1979-இல் இங்கிருந்து கன்னியாகுமரிக்கும், 1981-இல் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கும் பாதை திறந்த பிறகே தெற்கு வழி நேர்வழியாயிற்று. அந்தப் புதுப் பாதையில் ஓர் ஆட்டுரல் குழவியும் இரண்டு இட்லிக் கொப்பரைகளும் ஒரு கோணிப்பை நிறையப் புழுங்கலரிசியுமாக வந்திறங்கினார். உரலைக் கொண்டுவர முடியவில்லை. அதை இங்கே வாங்கினார். புது உரலும் பழைய குழவியும் ஒன்றோடொன்று இணங்க ஆறு மாதம் பிடித்ததாம். இன்று மின்சார ஆட்டுக்கல்தான் ஆட்டுகிறது. ஆனாலும் அந்தக் குழவி கல்லாப் பெட்டிக்கு அருகில், திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

காலையில் இட்லி, சாம்பார், நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப் பொடி. மதியம் வெள்ளைச் சோறு. வெள்ளிக்கிழமைகளில் இடிசாம்பார், மாதம் ஒரு முறை தேங்காய்ப் பாலில் சொதி, இஞ்சிப் பச்சடி. இவ்வளவுதான் அங்குள்ள பட்டியல். சிவப்பு மட்டை அரிசிச் சோற்றையும், பருப்பும் நெய்யும் முதலில் வந்து சாம்பார் பின்னால் வரும் இவ்வூர்ப் பந்தி முறையையும் நாம் இன்று விரும்பியே உண்கிறோம். ஆனால் புதிதாக வந்தவனுக்கு மூன்றாம் நாளே வெள்ளைச் சோற்றின் நினைவு வந்துவிடும். பஜாரில் மூட்டை சுமந்த தமிழ்த் தொழிலாளரும், அலுவலகங்களில் எழுத்து வேலை பார்த்தவர்களும், எல்லாரிலும் மேலாக மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு தெற்கேயிருந்து வருபவர்களும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். இந்தக் கடைசி வகையினருக்கென்று மாமனாரிடம் தனி நோட்டு ஒன்று உண்டு. அதில் வரவு குறைவு. பெயர்கூட எழுதமாட்டார், ‘தென்காசி அம்மா’, ‘வள்ளியூர்த் தம்பி’ என்றுதான் இருக்கும்.

ஜெயமோகன் ‘சோற்றுக்கணக்கு’ என்றொரு கதை எழுதியிருக்கிறார். இதே சாலை பஜாரில் சோற்றுக்கு விலை கேளாமல், உண்டவர் விரும்பியதைப் பெட்டியில் போட்டுச் செல்ல விட்டிருந்த கெத்தேல் சாகிபைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு, “மாமா, உங்களைப் பற்றியும் ஒருவர் எழுதலாம்” என்றோம். “நான் பெட்டி வைக்கலியே, நோட்டுதானே வச்சிருக்கேன். அவரு பெரிய மனுசன்” என்று சொல்லி அவர் அப்பேச்சை முடித்துவிட்டார்.

இனி மைத்துனர் விஷயம். அவர் சென்னையில் பெயர் பெற்ற சைவ உணவு விடுதி ஒன்றின் சமையற்கூடத்தில் ஐந்தாண்டுகள் இருந்து தொழில் கற்றவர். 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திரும்பி வந்தார். வந்தவர், தகப்பனாரின் மெஸ்ஸைப் பார்த்து ஒரு வாரம் பேசாதிருந்தார். எட்டாம் நாள் இரவு, நம் வீட்டுக் கூடத்தில் ஆலோசனை சபை கூடிற்று.

“அப்பா, சரவண பவன் கே. கே. நகர்ல ஆரம்பிச்சது 1981. நீங்க ஆரம்பிச்சது 1982. ஒரு வருஷம்தான் வித்தியாசம்!” என்று தொடங்கினார். அவர்கள் 2000-ஆம் ஆண்டில் துபாய்க்கே போய்விட்டார்கள். நாம் கிழக்கேகோட்டையைக்கூடத் தாண்டவில்லை என்பது அவருடைய மனக்குறை. அவருக்கு இத்தகைய வரலாறுகள் மனப்பாடம். உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து சமையற்கூடத்தில் எடுபிடியாக இருந்த கிருஷ்ணராவ், 1938-இல் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கிய கதையைச் சொன்னார். ஓர் ஊரின் பெயரே தென்னாடு முழுவதும் சைவச் சிற்றுண்டிக்குப் பெயராகிவிட்டதைக் காட்டினார். திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு சிறிதாகத் தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் தலையிற் கட்டியிருந்த தலைப்பாவையே பெயராகக் கொண்டு கடல் கடந்து போனதைச் சொன்னார். கோழிக்கோட்டில் 1939-இல் பிறந்த பாரகன், கொச்சிக்கும் துபாய்க்கும் சென்று, நம் திருவனந்தபுரத்துக்கும் வந்துவிட்டதைச் சொன்னார். கேட்கக் கேட்க நமக்கும் உற்சாகம் ஏறிற்று. நாம் கிளையிலிருந்து கிளைக்குச் சரக்கு அனுப்பும் இலாகாவில் இருப்பவர்கள். ஒரு பொருள் ஓர் ஊரிலிருந்து புறப்பட்டால் இன்னோர் ஊரில் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை நமக்கு இயல்பாகவே உண்டு.

மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “நாகர்கோவில்ல நம்ம இட்லி இல்லாம யாருக்குப் பசிக்குது?”

அதை முதுமையின் தயக்கம் என்று எண்ணிவிட்டோம். ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் நம் பெயரில் இரண்டு லட்சம் ரூபாய் கடன் எழுதினோம். நம் இல்லாள் ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றித் தம்பியின் கையிற் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவன்தான் அழுதான்.

நாகர்கோவிலைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இருந்தன. ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர்தான். வாடகை இவ்வூரைக் காட்டிலும் குறைவு. தமிழ் பேசும் ஊர். மாநகராட்சியிலும் சுகாதாரப் பிரிவிலும் நம் மொழியிலேயே மனு எழுதலாம். வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இடம் கிடைத்தது. 2023-ஆம் ஆண்டு தை மாதம் பால் காய்ச்சினோம். இங்கே பலகையில் ‘கிளை: நாகர்கோவில்’ என்ற வரியை எழுதியதும் அன்றுதான். எழுத வந்த ஓவியர், பழைய எழுத்துக்குப் பொருத்தமாக இருக்கவேண்டுமென்று அரை நாள் செலவிட்டார்.

முதல் மாதம் கூட்டம் வந்தது. புதுக் கடைக்கு எங்கும் வரும் கூட்டம் அது. இரண்டாம் மாதம் நாம் விடுமுறை நாளொன்றில் போய்க் கல்லாவில் உட்கார்ந்திருந்தோம். வயது முதிர்ந்த ஒருவர் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டோம். “நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுலயும் இதாக்கும்” என்றார். அவர் குறை சொல்லவில்லை. சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு, நிதானமாகத் தம் வீட்டுக்கு நடந்தார். அவர் தெருவைத் தாண்டும் வரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமனார் கேட்ட கேள்வி அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று.

சாலை பஜாரில் அந்த இட்லிக்கு இருக்கும் ருசியிற் பாதி, உண்பவர் தம் வீட்டை விட்டு வந்திருக்கும் தூரம் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. அத்தூரத்தை எந்த மாஸ்டராலும் மாவிற் கலக்க முடியாது. நாகர்கோவில்காரர் தம் ஊரில் இருக்கிறார். அங்கே தேங்காய்ப் பால் யாருக்கும் அதிசயமன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு சேரும் வரையில் அது திருவிதாங்கூர்ச் சீமை. ஆதலால் மலையாளத்துப் புளிசேரியும் தமிழ்நாட்டுச் சாம்பாரும் இரண்டும் அங்குள்ளவர்க்குச் சொந்தம். அவர்களுக்கு அம்பாசமுத்திரத்துச் சாம்பாரைக் கொண்டுபோய்க் கொடுப்பது, ஆற்றங்கரையில் குடியிருப்பவனுக்குக் குடத்தில் தண்ணீர் விற்பதைப் போன்றது.

இதற்கு மேல் தொழிற் சங்கடங்கள் வேறு. மூன்றாம் மாதம் மாஸ்டர் அதிகச் சம்பளத்துக்கு வேறிடம் போனார். பெரிய நிறுவனங்கள் பொடிகளை ஓரிடத்தில் அரைத்து, மாவை ஓரிடத்தில் ஆட்டி, வண்டியிலேற்றி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புகின்றன. மாஸ்டர் மாறினாலும் அளவு மாறுவதில்லை. மைத்துனர் சென்னையிற் கற்ற வித்தை இதுதான். ஆகவே சாலையில் ஆட்டிய மாவை இரண்டு தூக்குகளில் அடைத்து, விடியற்கால ரயிலில் எடுத்துச் செல்லத் தொடங்கினார். குளிர்ப்பெட்டி வசதியுள்ளவர்கள் செய்யும் காரியத்தை வெறும் தூக்கில் செய்ய முற்பட்டால் என்னவாகும்? பங்குனி மாதத்துப் புழுக்கத்தில் ஒருநாள், பாறசாலை தாண்டுவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, எதிரே இருந்த அம்மாளின் செருப்பை நனைத்துவிட்டது. அவர் பேசிய மலையாளத்தை மைத்துனர் நம்மிடம் முழுமையாகச் சொல்லவில்லை. “மாப்பிள்ளை, நான் ரயில்வேயில வேலை பாக்கணுமா வேண்டாமா?” என்று கேட்டோம். அத்துடன் அவ்வித்தை நின்றது.

அப்படியானால் ஊர் விட்டு ஊர் சென்று நிலைத்தவர்கள் எதை எடுத்துச் சென்றார்கள்? அந்நாட்களில் இது நம் மனத்தை விட்டு நீங்காத கேள்வியாயிருந்தது. தம்பானூரில், நம் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே லாரி பேக்கர் செங்கல்லால் கட்டிய வட்டமான இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது; சுருண்டு ஏறும் சரிவுப் பாதையின் ஓரமாகவே மேசைகள். ஒரு மாலை மைத்துனரும் நாமும் அங்கே ஏறி உட்கார்ந்தோம். இவ்விடுதிகளின் வரலாறு வேறு விதமானது. காபி வாரியம் தான் நடத்திய கடைகளை மூடத் தொடங்கியபோது வேலையிழந்த தொழிலாளரை, ஏ. கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்று சேர்த்தார். 1957-இல் பெங்களூரில் முதற்சங்கம் அமைந்தது. கேரளத்தில் 1958-ஆம் ஆண்டு திருச்சூரில் தொடங்கிற்று. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவினார்கள். முதலாளி என்று ஒருவரில்லை. விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு காப்பி கொண்டுவருபவரே பங்குதாரர்.

நாம் இவ்வூருக்கு வந்த புதிதில் அங்கே மசால் தோசை கேட்டு, பிரித்துப் பார்த்து, திடுக்கிட்டோம். உள்ளே உருளைக்கிழங்கு இரத்தச் சிவப்பாயிருந்தது. பீட்ரூட் சேர்ப்பார்கள் என்பது பின்னரே தெரிந்தது. இது எந்த ஊர் மசாலா என்று கேட்டால் எந்த ஊருடையதும் அன்று. திருச்சூரிலும் அதே சிவப்பு, கொல்லத்திலும் அதே சிவப்பு. ஒருவருடைய கைப்பக்குவத்தை அவர்கள் எடுத்துச் செல்லவில்லை. ஒரு நடைமுறையை எடுத்துச் சென்றார்கள். அதே தலைப்பாகை, அதே கோப்பை, கட்டுப்படியாகும் விலை, ஒரு காப்பிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காத பழக்கம். திண்டுக்கல்காரர்களிடம் சீரகச் சம்பா இருந்தது. அரிசி மூட்டை எந்த ஊருக்கும் போகும், போனாலும் மணம் மாறாது. மாமனாரின் மெஸ்ஸில் இருந்ததோ மாமனார். அவரை இரண்டாக வகுக்க வழியில்லை.

அன்று நம்முடன் வந்திருந்த நம் மகள் (அவளுக்கு அப்போது ஏழு வயது) சிவப்பு மசாலாவை முழுவதும் தின்றுவிட்டு, “தாத்தா கடை மசாலா மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?” என்று கேட்டாள். மைத்துனர் தோசையை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அவளுக்கு அம்பாசமுத்திரம் விடுமுறைக்குப் போகும் ஊர். இதுதான் சொந்த ஊர். இன்னும் இருபது ஆண்டுகளில் எந்த ருசிக்காக எந்தத் தெருவில் அவள் தேடியலைவாளோ, நாமறியோம்.

கடையே இல்லாமல் ஊர் கடந்த பண்டமும் உண்டு. இவ்வூர்க் கலியாணப் பந்திகளில் போளியை இலையில் வைத்து, அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்பதைக் காணாத தமிழர் இருக்கமாட்டார். வடக்கே மலபார்ச் சத்யையில் இவ்வழக்கம் இல்லை. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் குடியேறிய தமிழ் அக்கிரகாரத்தார் வீட்டுப் போளி, எந்தப் பலகையும் கிளையும் இல்லாமல் மலையாளத்தார் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு எத்தனை தலைமுறை பிடித்ததோ! நமக்கோ கடன் தவணை மாதந்தோறும் வந்தது.

கார்த்திகை மாதத்தில் நாகர்கோவில் கடையைக் கட்டினோம். முன்பணத்திற் பெரும்பகுதி வாடகைப் பாக்கிக்குச் சரியாயிற்று. பாத்திரங்களை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு மைத்துனர் நள்ளிரவில் வந்து சேர்ந்தார்; பகலில் வரக் கூசினார் போலும். மாமனார் விழித்திருந்தார். ஒன்றும் கேளாமல், விளக்கைப் போட்டு, ஒவ்வொரு பாத்திரமாக இறக்கி எண்ணினார். புது இட்லிக் கொப்பரையின் விளிம்பில் ஒரு நசுங்கலைக் கண்டு, அதைச் சுத்தியலால் தட்டிச் சரி செய்தார். அதன் பிறகுதான் மகனைப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்றார்.

மறுநாட் காலை நாலரை மணிக்கு இருவரும் ஒன்றாக அடுப்பு மூட்டினார்கள். மைத்துனர் இன்று அங்கேதான் இருக்கிறார். சென்னையிற் கற்ற கணக்கு முறைகளை அங்கே ஒழுங்காகக் கொண்டுவந்திருக்கிறார். தனி நோட்டில் மட்டும் கை வைப்பதில்லை. நம் கடனில் இன்னும் பதினான்கு தவணைகள் உள்ளன. அவற்றுள் பாதியை அவர் மாதந்தோறும் முதல் வாரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். சங்கிலியைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. சென்ற ஆவணியில் ஓர் உறவினர் கலியாணத்துக்குப் புறப்படும்போது, நம் இல்லாள் மஞ்சள் கயிற்றோடு கண்ணாடி முன் நின்று, “இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைக் கேட்டோம். கேளாதவர்போல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டோம்.

பலகையில் அந்த வரியை அழித்துவிடலாமே என்று நாமே ஒரு முறை மாமனாரிடம் சொல்லிப் பார்த்தோம். “கடன் முடியட்டும்” என்றார்.

சென்ற மாதம் ஒரு மதியம் நாம் அங்கே உண்டுகொண்டிருந்தோம். ஆஸ்பத்திரிக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். பெரியவருக்குத்தான் சிகிச்சை, மூன்று வாரமாக இவ்வூரிலேயே தங்கியிருக்கிறார்களாம். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அவர் பலகையைக் காட்டி, “நாகர்கோவில்ல கிளை எங்க இருக்கு? ஊருக்குப் போனா வரணும்” என்றார்.

மாமனார் அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டிச் சோற்றை வைத்தார். “அது இப்ப இங்கேயே வந்துட்டு” என்றார்.